குறுக்குச்சால்

மார்ச் 3

மகளுக்கு,

இன்று மார்ச் மூன்றாம் தேதி. எனக்கு எழுபத்தெட்டு வயதும் ஐந்து மாதமும் ஆகின்றன. இதை முதலிலேயே எழுதிவிடுவதற்குக் காரணம், உன் கடிதத்தில் மூன்று இடங்களில் ‘இந்த வயதில்’ என்று வருகிறது. நாற்பத்தேழெல்லாம் ஒரு வயது அல்ல. அதை வயது என்று சொல்லிக்கொள்ள நீ இன்னும் முப்பது ஆண்டு உழைக்கவேண்டும்.

உன் நிறுவனத்தை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள், உன் பிரிவையே கலைத்துவிட்டார்கள், இருபது ஆண்டாக மருத்துவமனைகளுக்குக் கட்டுத்துணியும் கையுறையும் நேரத்துக்குப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டவளை ஒரு பூங்கொத்து கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள் என்பதையெல்லாம் படித்தேன். என்ன பூ என்று எழுதவில்லை. விட்டுப்போன விவரங்கள்தான் எனக்கு எப்போதும் உறுத்தும்.

இப்போது ஓர் ஆலோசனை நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாய். அந்தத் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அடுத்தவர் கம்பெனிக்குள் நுழைந்து, அங்கே வேலை செய்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை அவர்களிடமே கேட்டறிந்து, ஒழுங்குபடுத்தி, முதலாளியிடம் சொல்லிக் கட்டணம் வாங்குவது. இளக்காரமாகச் சொல்லவில்லை. நானும் பல்கலைக்கழகத்தில் ஓய்வுபெறும் வயதுவரை புள்ளியியல் கற்பித்தவள்தான். பிறர் சேகரித்த எண்களைப் பிறருக்கே விளக்கிச் சம்பளம் வாங்கினேன்.

நேர்காணல் செய்யப்போகிறவர் கேள்வித்தாள் எதுவும் வைத்துக்கொள்வதில்லை, எங்கே தொடங்கி எங்கே போவார் என்று யாராலும் சொல்லமுடியாது, ஒரு வாக்கியத்தையும் முடிக்கவிடமாட்டார் என்று உள்ளே வேலை பார்க்கும் உன் தோழி எச்சரித்ததாக எழுதியிருக்கிறாய். அதன் பக்கத்தில் ‘உன்னை மாதிரி’ என்று எழுதிப் பிறகு அடித்திருக்கிறாய். அடித்ததை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் படிக்கலாம். அடுத்த முறை நன்றாக மை பூசு.

உன் கோபம் நியாயமானதுதான். ஆறு ஆண்டுகளுக்கு முன் போனைப் பாதியில் வைத்துவிட்டு, ‘இனிமேல் எழுது. காகிதத்தில் உன்னால் குறுக்கே பேசமுடியாது. நான் சொல்வதைக் கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்’ என்று முதல் கடிதம் அனுப்பினாய். நான் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டேன். இருவருமே இதுவரை அந்த விதியை மீறவில்லை. நம் குடும்பத்தில் இவ்வளவு ஒழுங்காக நடந்த ஒப்பந்தம் வேறில்லை; உன் திருமணத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

இங்கே படிக்கட்டு விளக்கு மறுபடியும் எரியவில்லை. கீழ்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் நாற்காலி மேல் ஏறி மாற்றப் பார்த்தார். அவருக்கு எண்பத்தொன்று. இறங்கச் சொன்னேன். மனைவியிடம் போய், நான் அவரைத் திட்டியதாகச் சொல்லியிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேர்காணல் தேதி தெரிந்ததும் எழுது.

அம்மா


மார்ச் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

வெள்ளைப் பூ. பெயர் தெரியவில்லை, வாசனையும் இல்லை. துக்கவீட்டுக்கு வாங்கியதில் மிச்சமாக இருக்கும்.

நேர்காணல் ஏப்ரல் முதல் வாரம். இதுவரை விண்ணப்பித்த மற்ற நான்கு இடங்களிலிருந்து ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூட யாரும் எழுதவில்லை. கூப்பிட்டவர்கள் இவர்கள் மட்டும்தான். ஆகவே, அம்மா, எனக்கு இது விளையாட்டில்லை.

தோழி போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்து ஒத்திகை நடத்தினாள். அவள்தான் அவர், நான் நான். எப்படிப் போனது என்று அப்படியே எழுதுகிறேன்.

“உங்களைப் பத்திச் சொல்லுங்க.”

“நான் இருபது வருஷமா மருத்துவமனைகளுக்கு...”

“இருபது வருஷமும் ஒரே இடத்துலயா? ஏன், வேற யாரும் கூப்பிடலையா?”

“கூப்பிட்டாங்க. ஆனா அப்போ...”

“இந்தக் கட்டடத்துல லிஃப்ட் ஏன் இவ்வளவு லேட்டா வருது?”

“அடியே, லிஃப்டுக்கும் எனக்கும் என்னடி சம்பந்தம்?”

“அவர் கேப்பாரு. என்கிட்ட கேட்டாரு. நான் லிஃப்டையே பாத்ததில்லைன்னு சொல்லிட்டேன். எனக்குப் படிக்கட்டுதான் பழக்கம்.”

“அப்புறம் எப்படி வேலை கொடுத்தாரு?”

“அதான் யாருக்கும் தெரியல.”

வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் போன பிறகு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு தோன்றியது: இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய நிபுணரிடம் நான் இன்னும் கேட்கவே இல்லையே என்று. பேச்சின் நடுவே புகுவதற்காக அப்பா உனக்கு வைத்த பெயர் நினைவிருக்கிறதா? “உங்கம்மா குறுக்குச்சால் ஓட்ட ஆரம்பிச்சிட்டா, இனிமே பயிர் பொழைக்காது” என்பார். அந்தப் பெயரை இந்த மனிதருக்கு வைத்துவிட்டேன். நீ கோபிக்கமாட்டாய் என்று நம்புகிறேன்.

குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வருகிறவருக்கு என்னதான் வேண்டும்? எதைக் கொடுத்தால் அவர் அடங்குவார்? நீ ஏன் குறுக்கிடுவாய் என்று எனக்கு இதுவரை புரிந்ததே இல்லை. புரிந்தால் இந்தக் குறுக்குச்சாலைச் சமாளித்துவிடுவேன்.

வங்கிக்காரரை நாற்காலி மேல் ஏறவிடாதே. நீயும் ஏறாதே.

அன்புடன்
உன் மகள்


மார்ச் 22

மகளுக்கு,

உன் கேள்வியை இரண்டு நாள் மேசைமேல் வைத்திருந்தேன். அதன்மேல் தேநீர்க் கோப்பையையும் வைத்தேன். அப்படியும் அது போகவில்லை.

குறுக்கே பேசுகிறவன் எல்லாம் தெரிந்தவன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பெரும்பாலும் அவனுக்குப் பிடி கிடைத்திருக்காது. பேச்சு எங்கே போகிறது என்று தெரியாத இடத்தில் நிற்பது அவனுக்கு அச்சம் தரும். அதனால் தனக்குத் தெரிந்த இடத்துக்குப் பேச்சை இழுத்துக்கொள்கிறான். தான் பேசிக்கொண்டிருக்கும்வரை எதைப் பற்றிய பேச்சு என்பதாவது அவனுக்குத் தெரியும் அல்லவா?

ஆகவே அவனுக்கு வேண்டியது தலைப்பு. முடிவை முதலில் சொல். காரணங்களைப் பிறகு வை. எத்தனை காரணம் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிட்டால் பாதி அடங்கிவிடுவான். முகத்தைப் பார்த்துப் பேசு. மேசையைப் பார்த்து முணுமுணுக்காதே, அது உன் பழைய வழக்கம். அவன் வெட்டினால் குரலை உயர்த்தாதே, உயர்த்துவதால் எதுவும் தெளிவாவதில்லை. விட்ட இடத்தை ஒரே சொல்லாகக் காகிதத்தில் எழுதி, அவன் கண்ணில் படும்படி வை. எழுத்தில் இருப்பதை அவனால் தட்டிவிட முடியாது. அவன் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டு பேசுகிறான் என்று தெரிந்தாலும் அவமானப்படுத்தாதே. ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு அந்தச் சொல்லின் மேல் விரலை வை. திரும்பி வந்துவிடுவான்.

நான் ஏன் அப்படிச் செய்கிறேன் என்றும் கேட்டிருக்கிறாய். அது என் சுபாவம் என்று உன் அப்பா முதல் துறைத்தலைவர்வரை எல்லாரும் ஏகமனதாக முடிவு செய்த விஷயம். ஏகமனதான முடிவை நான் ஏன் கெடுப்பது?

லிஃப்ட் தாமதமாக வருவதற்குக் காரணம், காத்திருப்பவர்கள் மேலே போகும் பொத்தான், கீழே போகும் பொத்தான் இரண்டையும் அழுத்துவது. கேட்டால் சொல்.

அம்மா


ஏப்ரல் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

லிஃப்டைப் பற்றிக் கேட்டார்.

முதலிலிருந்து வருகிறேன். கண்ணாடிச் சுவர் போட்ட சின்ன அறை. இரண்டு நாற்காலி, ஒன்றுக்குக் கைப்பிடி கழன்றிருந்தது, அது எனக்கு. அவர் கையில் போனும் பாதி தின்ற பிஸ்கட்டுமாக வந்தார். என் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வரவில்லை. வேறு யாரோ ஒருவருடையதை எடுத்து வந்து, அதில் இருந்த புகைப்படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“நீங்க ஆம்பளைன்னு போட்டிருக்கு?”

“அது வேற யாரோ சார்.”

“சரி விடுங்க. ஏதாவது ஒரு பிரச்சனை சொல்லுங்க.”

“எங்க கம்பெனியில...”

“வேண்டாம், நானே சொல்றேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மாசாமாசம் படுக்கை விரிப்பு காணாமப் போகுது. மூணுல ஒண்ணு. எங்க போகுது?”

அம்மா, அந்த நிமிஷம் எனக்குள் ஏதோ சட்டென்று அமைதியானது. எட்டாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலாவுக்கு உன்னிடம் அனுமதி வாங்கியது நினைவுக்கு வந்தது. விளக்கமாகத் தொடங்கினால் நீ நடுவில் புகுந்து பரீட்சை, மழை, செருப்பு என்று எங்கெங்கோ கொண்டுபோய்விடுவாய். அதனால் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்காரும் முன்பே “சுற்றுலா. வெள்ளி. கையெழுத்து.” என்று மூன்றே சொல்லாகச் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவேன். அதே குரலில் சொன்னேன்.

“தொலையல சார். பதுக்குறாங்க. ரெண்டு காரணம்.”

“யார் பதுக்குறா?”

“ஒவ்வொரு வார்டுலயும் நர்ஸுங்க. நாளைக்கு விரிப்பு வருமா வராதான்னு...”

“திருடுறாங்கன்னு வைங்க. வெளியில விக்கிறாங்க.”

“வைக்கலாம். திருடினா புதுசுதான் போகும். கிழிஞ்சதும் சேந்து போகுதான்னு கேப்பேன். கிழிஞ்சதும் போச்சுன்னா அது திருட்டில்லை, பயம்.”

அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். அப்போது ஒருவர் கதவைத் திறந்து கையெழுத்து வாங்கினார். பின்னாலேயே இன்னொருவர் வந்து கூட்ட அறை காலியா என்று கேட்டார். போன் அடித்தது, எழுந்து வெளியே போனவர் நெடுநேரம் வரவில்லை. நான் காகிதத்தில் ‘பயம்’ என்று பெரிதாக எழுதி அவர் பக்கம் திருப்பி வைத்தேன். வந்து உட்கார்ந்து, “எங்க விட்டோம்?” என்றார். விரலை அதன்மேல் வைத்தேன். படித்துவிட்டு அடுத்த கேள்வியைச் சரியாக அங்கிருந்தே கேட்டார். நீ எழுதியது அப்படியே நடந்தது. நடுவில்தான் லிஃப்ட் வந்தது. உன் பதிலைச் சொன்னேன். அவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டே வந்தார்.

கடைசியில், “இங்க வந்தவங்கள்ல பாதிப் பேரு அழுதிருக்காங்க, மீதிப் பேரு என்னோட சண்டை போட்டிருக்காங்க. உங்களுக்குக் கோபமே வரலையே?” என்றார்.

“எங்க வீட்டுல இதுக்குப் பேரு ராத்திரிச் சாப்பாடு சார்.”

கண்ணாடிக்கு வெளியே போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அடுத்த சுற்றுக்கு அனுப்புகிறேன் என்றார். அது நிறுவனத்தின் தலைவியுடன். அவரோடு முடிந்தால் எல்லாம் முடிந்தது.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது இந்த வெற்றி என்னுடையதா உன்னுடையதா என்று யோசித்தேன். பஸ் வந்துவிட்டது.

அன்புடன்
உன் மகள்


ஏப்ரல் 15

மகளுக்கு,

‘ராத்திரிச் சாப்பாடு’ நல்ல பதில். கீழ்வீட்டு வங்கிக்காரருக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தார். பிறகு அது யாரைப் பற்றிய கேலி என்று புரிந்து, சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டார். எனக்கு அந்த மன்னிப்புதான் எரிச்சலாக இருந்தது.

கிழிந்த விரிப்பைப் பற்றிய வாதம் பிழையற்றது. என் மாணவர்களில் இரண்டு பேர்கூட அதை எட்டியிருக்கமாட்டார்கள். இதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ளலாம்.

நீ எழுதிய சுற்றுலா விஷயம் எனக்குச் சிறிதும் நினைவில்லை. மூன்று சொல்லும் நினைவில்லை. நான் கையெழுத்துப் போட்டேனா?

தலைவி எப்படிப்பட்டவர் என்று தோழியிடம் விசாரித்து வை.

அம்மா


மே 8

அம்மாவுக்கு,

கையெழுத்துப் போட்டாய். செருப்பும் வாங்கிக் கொடுத்தாய்.

வேலை கிடைக்கவில்லை.

தலைவியின் அறை பெரியது. தரைவிரிப்பு, ஒரு செடி, இரண்டு நல்ல நாற்காலி. உன் வயதுக்குச் சற்றுக் குறைந்தவர். போனை வெளியே கொடுத்து அனுப்பிவிட்டார், கதவைச் சாத்தினார், என் விண்ணப்பத்தை முழுவதும் படித்திருந்தார். “அந்த விரிப்பு விஷயத்தை எனக்கும் சொல்லுங்க, நிதானமா” என்றார். கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்.

ஆரம்பித்தேன். “வார்டுல விரிப்பைப் பதுக்குறாங்க. ஏன்னா வழங்கறதுல நம்பிக்கை இல்லாததால, அவங்க வந்து...” என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். நான் நிறுத்தியதே எனக்குத் தெரியவில்லை. அவர் காத்திருந்தார்.

“சொல்லுங்க.”

“அதான், நம்பிக்கை இல்லாததால...”

“இல்லாததால?”

“அவ்வளவுதான்.”

“எது அவ்வளவுதான்?”

ஒன்றல்ல, அம்மா, ஒவ்வொரு வாக்கியமும் அப்படியே ஆனது. பாதிவரை போய் நின்றேன். யாராவது வெட்டுவார்கள், வெட்டியதற்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று என் வாய் காத்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா வெட்டவில்லை. பொறுமையாக, அன்பாகக்கூட, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறுக்குச்சாலிடம் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றவள், மௌனமாகக் கேட்ட ஒருவர் முன்னால் நாக்கு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். ஒரு கட்டத்தில் “தண்ணி குடிக்கிறீங்களா?” என்றார். அவ்வளவு மோசமாக இருந்திருக்கிறது.

அவரே போன் செய்து முடிவைச் சொன்னார். “யார் எது கேட்டாலும் பிரமாதமா பதில் சொல்றீங்க. ஆனா நீங்களா ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்லி முடிச்சதை நான் பாக்கல. வாடிக்கையாளர் முன்னாடி அதுதான் வேலை” என்றார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

உன்மேல் பழி போட எழுதவில்லை. நாற்பத்தேழு வயதில் அம்மாவைக் காரணம் சொல்வது அசிங்கம். ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது, நான் முடிக்காத வாக்கியங்களில் முதலாவது எது என்று தேடினேன். முதலாவது கிடைக்கவில்லை. பெரியது கிடைத்தது.

எனக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம், ஒரு பையோடு வந்து இரண்டு நாள் இருந்தேனே, அது. திரும்பிப் போகும் அன்று காலை சமையலறை வாசலில் நின்று, “அம்மா, அங்க எனக்கு...” என்று தொடங்கினேன். நீ பாத்திரம் துடைத்துக்கொண்டே, “எல்லா இடத்துலயும் அப்படித்தான். பையை எடு, ரயில் நிக்காது” என்றாய். நான் பையை எடுத்தேன். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். பிறகு வெளியே வந்தது உனக்குத் தெரியும். அன்று என்ன சொல்ல வந்தேன் என்பது தெரியாது. நீ கேட்டதும் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை வருகிறேன். இரண்டு பேரும் அலமாரி துடைக்கிறோம், திரைச்சீலை மாற்றுகிறோம், பேசுவதில்லை.

அதை நான் எழுதப்போவதில்லை. என் வாயால் சொல்லவேண்டும். சொல்லி முடிக்கவேண்டும். இந்த ஒன்றை முடித்தால் மற்றவற்றையும் முடிக்க முடியும் என்று தோன்றுகிறது. அதனால் நம் விதியை நானே தளர்த்துகிறேன். மே கடைசி ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் செய்கிறேன். எடு. ஒன்றும் பேசாதே. நான் முடிக்கும்வரை கேள். நடுவில் ஒரு சொல் வந்தாலும் வைத்துவிடுவேன், அம்மா. பிறகு கடிதமும் எழுதமாட்டேன். பயமுறுத்தவில்லை. இதற்கு மேல் என்னிடம் தெம்பில்லை.

உன் மகள்


மே 16

மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யாதே. அடித்தாலும் நான் எடுக்கமாட்டேன். இந்த இடத்தில் நீ கடிதத்தை மடித்துவிடக்கூடும். மடிக்காதே. காகிதத்தில் இருப்பதைக் கடைசிவரை படிக்கவேண்டும் என்பது நீ போட்ட விதி. அது உன்னையும் கட்டும்.

வேலையைப் பற்றி, நஷ்டம் அவர்களுக்குத்தான் என்று தேறுதல் சொல்லமாட்டேன். அந்தப் பெண்மணி சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார். என்னை உலுக்கியது வேறு. ஆறு ஆண்டாக நீ எழுதிய கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன. நேற்று எடுத்துப் பார்த்தேன். ஒரு வாக்கியம்கூட பாதியில் நிற்கவில்லை. உன் பேச்சு உடைந்திருக்கிறது என்பதை இவற்றிலிருந்து நான் எந்தக் காலத்திலும் அறிந்திருக்க முடியாது.

அந்தக் காலையைப் பற்றி. எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. நீ சமையலறை வாசலில் நின்றாய். கூடத்து ஜன்னல் உனக்குப் பின்னால் இருந்தது. வெயில் அடித்ததில் உன் முகம் இருட்டாகத் தெரிந்தது. பை உன் காலடியில் இருந்தது, அதன் வார் அறுந்து முடிச்சுப் போட்டிருந்தாய். நீ ஏதோ சொல்லத் தொடங்கியிருக்கிறாய் என்பதை உன் தோள் உயர்ந்ததிலிருந்து அறிந்தேன். பையுடன் நிற்கும் பெண், ரயிலுக்கு நேரம், புகுந்த வீட்டில் அலுப்பு: இவற்றை வைத்து எந்தப் புள்ளியியல்காரியும் எட்டக்கூடிய முடிவை நானும் எட்டினேன். குறைந்த தரவிலிருந்து முழுமையை ஊகிப்பதுதான் என் தொழில். ஊகம் பெரும்பாலும் சரியாக அமைந்துவிடும். அந்தத் தொழிலில் இருக்கும் ஆபத்தே அதுதான். “அங்க எனக்கு” என்று நீ தொடங்கினாய் என்பதையே உன் கடிதத்தைப் படித்துத்தான் இப்போது தெரிந்துகொண்டேன்.

என்னைப் பற்றிய கதைகள் பலவற்றை நீ கேட்டிருப்பாய். என் வகுப்பில் கேள்வி கேட்பவர்கள் எழுதித்தான் கொடுக்கவேண்டும், கண்டிப்பானவள் என்றார்கள். துறைக் கூட்டத்தில் தலைவரையே பேசவிடமாட்டேன், தைரியசாலி என்றார்கள். வீட்டில் போனை எப்போதும் உன் அப்பாதான் எடுப்பார். எனக்குத் திமிர் என்றாள் உன் சித்தி. இந்தக் கதைகளை நான் மறுத்ததில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நீ போனை வைத்தாயே, அதையும் சொல்கிறேன். உன் அப்பா போன பிறகு நானே எடுக்கவேண்டி வந்தது. நீ பேசுவதற்கு இடம் விட்டால் மாட்டிக்கொள்வேன் என்று, தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வராததைப் பற்றி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ எப்போது வைத்தாய் என்று எனக்குத் தெரியாது. ஆளுக்கு எவ்வளவு கொடுத்தேன் என்பதுவரை சொல்லி முடித்து, உடம்பைப் பார்த்துக்கொள் என்றும் சொல்லிவிட்டுத்தான் நான் வைத்தேன். நீ பாதியிலேயே போய்விட்டாய் என்பது உன் முதல் கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. இனி எழுத்துதான் என்று நீ தண்டனை விதித்திருந்தாய். அன்று இரவு பல மாதங்களுக்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

எனக்குக் காது கேட்காது.

உன் ஐந்தாம் வகுப்பு ஆண்டில் ஒரே காய்ச்சலில் வலது காது போயிற்று. இடதும் அந்த ஆண்டுக்குள்ளேயே தேய்ந்தது. வெளிச்சத்தில், எதிரே, ஒருவர் மட்டும் பேசினால் உதட்டைப் பார்த்து முக்கால்வாசி புரிந்துகொள்வேன். போனில் ஒன்றும் இல்லை. கருவி வைத்திருக்கிறேன், நீ வரும்போது கழற்றிவிடுவேன். உன் அப்பாவுக்கு மட்டும் தெரியும். சொல்லக்கூடாது என்று வாக்கு வாங்கினேன். பாவம், கேலிப்பெயர் வைத்தே அதைக் காப்பாற்றினார். காது கேட்காதவளை அந்தக் காலத்தில் வகுப்பறையில் வைத்திருக்கமாட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு சொல்லியிருக்கலாம்தான். அதற்குள் அடங்காப்பிடாரி என்று பெயர் நிலைத்திருந்தது. செவிடி என்பதைவிட அது எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பிடித்தத்துக்கு நீ எவ்வளவு கொடுத்திருக்கிறாய் என்று உன் கடிதம் சொல்கிறது.

ஆகவே, வா. ஞாயிறோ வேறு நாளோ. ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நாற்காலியைப் போடுகிறேன். வெளிச்சம் உன் முகத்தில் விழவேண்டும். மெதுவாகச் சொல். நான் வாயைத் திறக்கமாட்டேன். வராவிட்டால், வரவில்லை என்பதை மட்டும் எழுது.

உன் வாயால் சொல்லவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதனால் இதையும் நீ தெரிந்துகொள்ளவேண்டும். எனக்கு நினைவிருக்கும் உன் குரல் பத்து வயதுப் பெண்ணின் குரல். அதற்குப் பிறகு உன் குரல் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

அம்மா